சீட்டுக்குக் கீழே காக்கா

என் காக்காவின் குரலில் பாதி அந்தப் பழைய கசட்டுக்குள்ளேயே சிக்கிக் கிடக்கிறது, காரோடு வந்த கம்பெனி ஸ்பீக்கர்களுக்குத்தான் அதை வெளியே இழுக்கத் திராணி இல்லை என்று நான் நம்பினேன். அடிக்குரலுக்கென்றே செய்த சப்வூஃபர் ஒன்றைப் பூட்டினால் மீதிப் பாதியும் எழும்பி வந்துவிடும் என்றும் நம்பினேன். ஐம்பதைத் தாண்டிய மனிதன், தாடி நரைத்தவன், கலியாண வீடுகளில் பகிடி விட்டு மற்றவர்களின் மடத்தனத்தைப் பந்தியில் பரிமாறுகிறவன். அவன்தான் இதை நம்பினான்.

காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன். பறவைக்குக் காகம் என்று வேறு சொல் வைத்திருக்கிறோம், ஆகவே குழப்பம் இல்லை. எனக்கு ஒரேயொரு காக்கா. பீப்பாக் குரல். அவன் மெதுவாகக் கதைத்தால்கூட எங்கள் பழைய வீட்டுத் தகரம் கிணுகிணுக்கும். குசினிக்கும் அறைக்கும் நடுவில் பலகைச் சுவர் ஒன்று இருந்தது. அந்தப் பக்கம் அவன் சாய்ந்துகொண்டு கூட்டாளிமாரோடு கதைப்பான், இந்தப் பக்கம் உம்மா சாய்ந்துகொண்டு அரிசி புடைப்பா. “என்ன கதைக்கான் எண்டு விளங்கல்ல, ஆனா முதுகுக்கு விளங்குது” என்பா.

இருபத்திரண்டு வயதில் லொறி ஓட்டச் சவூதிக்குப் போனான். அந்தக் காலத்தில் கடுதாசி எழுதுவதைவிடக் கசட்டில் கதைத்து அனுப்புவதுதான் எங்கள் ஊர் வழக்கம். லீவில் வருகிறவர்களின் பெட்டிக்குள் சவர்க்காரத்துக்கும் போர்வைக்கும் நடுவில் நாலைந்து குடும்பங்களின் குரல்கள் கிடக்கும். ஐந்து வருடத்தில் காக்காவின் பன்னிரண்டு கசட் வந்தது. பிறகு ஒரு தகவல் வந்தது: ரூமில் நித்திரையிலேயே மவுத்தாகிவிட்டான், காலையில் எழும்பவில்லை. அங்கேயே அடக்கம் செய்தார்கள். நாங்கள் மண்ணள்ளிப் போடாத ஜனாஸா.

பன்னிரண்டில் பதினொன்றைச் சுனாமி வீட்டோடு சேர்த்துக் கொண்டுபோனது. பாண்டிருப்பில், கடலுக்கு எட்டத்தில், எனக்கொரு கூட்டாளி இருக்கிறான், ஓட்டோக்காரன். காக்காவின் பகிடியைக் கேட்கச் சொல்லி அவனிடம் ஒன்றைக் கொடுத்திருந்தேன், திருப்பி வாங்கச் சோம்பல்பட்டேன். என் சோம்பலால் தப்பிய பொருள் உலகத்தில் அது ஒன்றுதான்.

அதிலும் ஏ பக்கம் மட்டும்தான் காக்கா. பீ பக்கத்தில் அவன் கதைத்ததற்கு மேலே, அவன் உயிரோடு இருந்த காலத்திலேயே, ரேடியோவில் போன சினிமாப் பாட்டுகளை நான் பதிந்துவிட்டேன். இன்னும் நிறையக் கசட் வரும் என்றுதானே எல்லோரும் நினைப்பது.

இப்போது என்னிடம் இருக்கும் கார் ஒரு பழைய ஜப்பான் கார். அதை வாங்கிய காரணத்தை என் மனைவியிடம் நான் இதுவரை ஒப்புக்கொண்டதில்லை. எண்ணெய் குறைவு, பார்ட்ஸ் லேசில் கிடைக்கும் என்றெல்லாம் சொன்னேன். உண்மையில் அதன் செட்டில் கசட் போடும் வாய் இருந்தது, நாடாவைச் சப்பாமல் பாடியது. அவ்வளவுதான். கல்முனையில் ஒரு ஸ்டூடியோவில் கசட்டைப் பிரதி எடுத்து ஃபோனிலும் ஏற்றி வைத்திருக்கிறேன். ஆனால் ஃபோனில் காக்கா காதுக்குள் இரைகிற நுளம்பு மாதிரி இருக்கிறான்.

வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்து, சோறு தின்று, ராத்தா வீட்டிலிருந்து உம்மாவைக் காரில் ஏற்றிக்கொண்டு நாவிதன்வெளிப் பக்கம் ஒரு சுற்றுப் போய்வருவேன். ராத்தா என்றால் அக்கா. எங்களில் பெண் பிள்ளையோடுதான் தாய் இருப்பா. மகனுக்குக் கிடைப்பது இப்படி ஒரு சுற்றுத்தான். உம்மாவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. முன் சீட்டில் இருத்தி, பெல்ட் போட்டு, கசட்டைத் தள்ளுவேன்.

“உம்மா, அஸ்ஸலாமு அலைக்கும். நான் நல்ல சுகம். இப்ப ரூமுக்குள்ள இரிக்கன். ஏசி ஓடுது, போர்வை போத்திக்கிட்டுத்தான் கதைக்கன். நீங்க தைச்சனுப்பின ஜன்னல் சீலை வந்து சேர்ந்த. அளவு கொஞ்சம் பெரிசு, வெட்டிப் போட்டுட்டன்.”

அதற்குப் பிறகு ஓரிடத்தில் ‘டிஸ்ஸ்’ என்று ஒரு சத்தம் வரும். எங்கள் வீட்டில் அது பெயர்போன சத்தம். அது காக்கா சோடாப் போத்தல் மூடியை உடைக்கிற சத்தம். கசட்டில் இரண்டு தரம் வரும். முதன்முதல் கேட்ட அன்றைக்கே உம்மா பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சொன்னா: “என்ட புள்ள கதைச்சு முடியிறதுக்குள்ள ரெண்டு சோடா குடிக்கான். கையில சல்லி இல்லாமலா?”

போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை, வயல் பாதையில் திரும்பும்போது உம்மா செட்டைப் பார்த்துக் கேட்டா:

“ஆரு மகன் இது? செய்தி வாசிக்கிறவனா?”

நான் பகிடிக்காரன் இல்லையா. “ஓம் உம்மா, செய்திதான்” என்றேன். “நல்லாக் கத்துறான்” என்றா உம்மா.

சிரித்துக்கொண்டேதான் ஓட்டினேன். ராத்தா வீட்டுக் கடப்படியில் உம்மாவை இறக்கிவிட்டுத் திரும்பும்போது கசட்டைத் திரும்பவும் தள்ளிக் கேட்டேன். காக்கா ஒரு தரம் மவுத்தானது காணாதா, என்ட அல்லாஹ், உம்மாவுக்குள்ளும் மவுத்தாகப் போகிறானா என்று நினைத்தேன். அடுத்த நிமிடம் குற்றவாளியையும் கண்டுபிடித்தேன்: உம்மாவின் வயது இல்லை, மறதி இல்லை, ஸ்பீக்கர். பீப்பாக் குரலை ஊதுகுழல் குரலாக்கி விடுகிற இந்தச் சின்ன ஸ்பீக்கர்கள்.

மனைவியிடம் சொன்னேன்.

“இஞ்சருங்க, பேரப்புள்ள காணப்போற வயசில காருக்குப் பாட்டுப் பெட்டியா?”

“பாட்டுக்கு இல்ல. அடிக்குரலுக்கு.”

“ஊர்ல எல்லாரும் பிரஷர் கூடினா மருந்து குடிக்காங்க. நீங்க மட்டும் பெட்டி வாங்குங்க.”

பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு ஒழுங்கையில், ஒரு கதவு அகலத்தில் ஒரு கடை. கார் செட், ஹோன், அலாரம் எல்லாம் பூட்டுகிறவன் கத்தாரில் ஏழு வருடம் இருந்துவிட்டு வந்தவன், என்னைவிட நாலைந்து வயது இளையவன். என் காரைக் கண்டதும் எழும்பி வந்தான்.

“என்ன காக்கா, மகன் அனுப்பினாரா?”

கல்முனையில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் நான் காக்காதான். ஊரே என்னை அப்படிக் கூப்பிடுகிறது. அப்படி நான் கூப்பிடத்தான் ஓர் ஆள் இல்லை.

“எனக்குத்தான். சப் போடணும்.”

அவன் என் தாடியைப் பார்த்தான்.

“தாடிக்கு இல்ல தம்பி, காதுக்கு.”

“அப்ப இந்தப் பழைய செட்டைக் கழட்டி எறிஞ்சிட்டு, டச் ஸ்கிரீன் ஒண்டு போடுவம். சப்புக்கு நேர லைன் இரிக்கி. பின்பக்கக் கமராவும் வரும்.”

“இந்தச் செட்டில கை வச்சாய் எண்டா கடிச்சுப் போடுவன்.”

கசட்டைக் காட்டினேன். அவன் விளங்கிக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் டச் ஸ்கிரீன் பேச்சே எடுக்கவில்லை. கம்பெனிச் செட்டில் சப்புக்கென்று வழி கிடையாது, பின் ஸ்பீக்கருக்குப் போகிற வயரிலிருந்து சத்தத்தைக் கிளை பிரித்து, ஒரு சின்னப் பெட்டியால் அடக்கி எடுத்து, சப்புக்குக் கொடுக்க வேண்டும் என்றான். டிக்கிக்குள் பெரிய பெட்டி வைத்தால் உம்மாவின் சக்கர நாற்காலிக்கு இடம் இராது. ஆகவே முன் சீட்டுக்குக் கீழே வைக்கிற தட்டைச் சப் ஒன்று. சத்தத்தைப் பெருக்குகிற அம்ப் அதற்குள்ளேயே இருக்கும். கரண்ட் மட்டும் பற்றரியிலிருந்து தனி வயரில் வர வேண்டும்.

இங்கேதான் எனக்கு முதல் பயம் பிடித்தது.

“பற்றரியில இருந்து நேரா உம்மாட சீட்டுக்குக் கீழயா? பத்திச்செண்டா?”

“அதுக்குத்தான் ஃபியூஸ் வைக்கிறம்.”

“ஃபியூஸ் எரிஞ்சா?”

“எரியத்தானே காக்கா அதை வைக்கிற.”

“அப்ப எரியும் எண்டு நீயே சொல்றாய்.”

அவன் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு, “ஹோட்டல்ல போய் ஒரு பிளேன்டீ குடிச்சிட்டு வாங்க” என்றான். நான் போய் மூன்று குடித்துவிட்டு வந்தேன். கார் எரிந்திருக்கவில்லை. ரேடியோவைப் போட்டுக் காட்டினான். மத்தள அடி வரும் இடத்தில் யாரோ சீட்டுக்குக் கீழிருந்து தட்டி எழுப்புகிற மாதிரி இருந்தது. எனக்கு ஒரே புளகம். காக்காவை மட்டும் அங்கே வைத்துக் கேட்க மனம் வரவில்லை. அது தனியாகக் கேட்க வேண்டியது.

அசர் தொழுகைக்குப் பிறகு கடற்கரை வீதிக்குப் போனேன். கடலுக்கு முதுகைக் காட்டிக் காரை நிறுத்தி, எஞ்சினை நிற்பாட்டி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டுக் கசட்டைத் தள்ளினேன். குரலுக்காகக் காத்திருந்தேன்.

குரல் வருவதற்கு முன் அது வந்தது. காதால் இல்லை, காலால். அடிப்பாதத்தில் ஒரு உறுமல். சீட் நடுங்கியது. கப் வைக்கிற குழியில் கிடந்த சில்லறை கலகலத்தது.

இந்தக் கரையில் ஒரு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அந்த வகைச் சத்தத்துக்கு ஒரே அர்த்தம்தான். சுனாமி அன்றைக்குத் தண்ணீரைக் காண்பதற்கு முதலே சத்தத்தைத்தான் கேட்டோம். ஏதோ பெரிய வாகனம் வருகிறது என்றுதான் எல்லோரும் வீதியைப் பார்த்தோம். பார்த்துக்கொண்டு நின்ற நேரம் எவ்வளவு விலையான நேரம் என்று பிறகுதான் தெரிந்தது. ஆகவே இந்தத் தரம் நான் ஒன்றையும் பார்க்கவில்லை. கதவைத் திறந்தேன், ஓடினேன். “கடல் வருது! ஓடுங்க! கடல் வருது!” ஒரு செருப்பு காருக்குள், மற்றது மணலில். சாரனை ஒரு கையால் பிடித்திருந்தேன் என்பதை இங்கே பெருமையோடு பதிவு செய்கிறேன்.

கிழிந்த கரைவலையைப் பொத்திக்கொண்டிருந்த நாலு பேரும் எழும்பி முதலில் கடலைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். பிறகு அவர்களில் ஒருவர், நரைத்த மீசைக்காரர், காருக்குப் பக்கத்தில் நடந்துபோய்க் கதவில் கையை வைத்துப் பார்த்தார்.

“ஓய்! கடல் அது இரிக்கிற இடத்திலதான் இரிக்கி. ஒங்கட காருதான் உறுமுது.”

“எஞ்சின் நிப்பாட்டித்தானே இரிக்கி!”

“அப்ப உள்ளுக்குள்ள இரிந்து கதைக்கிற ஆளுட்டக் கேளுங்க.”

திறந்த கதவால் காக்கா உம்மாவுக்கு ஜன்னல் சீலைக் கதை சொல்லிக்கொண்டிருந்தான். அதே மெல்லிய குரல், செய்தி வாசிக்கிற குரல். அதற்குக் கீழே அந்த உறுமல். நான் செருப்பைத் தேடி எடுக்கும்போது மீசைக்காரர் மற்றவர்களிடம் சொல்வது கேட்டது: “பாவம், சுனாமிக்குள்ள அம்பிட்ட மனிசனாக்கும். சிரிக்காதீங்கடா.” அதைவிட அவர்கள் சிரித்திருக்கலாம்.

அடுத்த நாள் காலை கடைக்குப் போய்ச் சண்டை பிடித்தேன். எதற்கும் பயந்தவன்தான் பெரிதாகச் சண்டை பிடிப்பான்.

“எர்த் பிழையாக்கும்” என்றான் அவன். சப்பின் கறுப்பு வயரைக் காரின் இரும்பு உடம்போடு முறுக்குகிற இடத்துக்கு எர்த் என்று பெயர். அதில் பெயின்ட்டோ துருக்கறளோ இருந்தால் செட் இரையுமாம். சுரண்டி முறுக்கினான். உறுமல் போகவில்லை. வேறோர் ஆணியில் முறுக்கினான். போகவில்லை. “எங்களுக்கு எர்த்தும் சரியில்ல, கடலும் சரியில்ல” என்றேன். அவன் சிரிக்கவில்லை, யோசித்தான். ரேடியோவைப் போட்டான். சுத்தம். ஒரு இரைச்சலும் இல்லை.

“கசட்டைத் திருப்பிப் போடுங்க காக்கா.”

பீ பக்கம். என் களவுப் பாட்டுகள். சப் தாளத்துக்குத் தட்டியது, உறுமல் இல்லை. திரும்ப ஏ பக்கம். உறுமல்.

“வயரில ஒண்டுமில்ல” என்றான். “இது கசட்டுக்குள்ள இரிக்கி.”

“அப்ப ஏசிச் சத்தம்தான். அவன்தானே சொல்றான் ஏசி ஓடுதெண்டு.”

அவன் சீட்டில் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு கேட்டான். கத்தாரில் அவன் கார் செட் பூட்டவில்லை, பெரிய வாகனங்களின் யார்ட்டில் வயரிங் வேலை செய்தவன் என்று அப்போதுதான் சொன்னான். அந்த நேரம் பார்த்து ‘டிஸ்ஸ்’ வந்தது.

“இது என்ன?”

“சோடா” என்றேன். உம்மா பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சொன்னது, இரண்டு சோடாக் கணக்கு, எல்லாவற்றையும் சொன்னேன். என் பகிடிகளில் எப்போதும் எடுபடுகிற பகிடி அது. அவன் முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

“காக்கா, பெரிய லொறி ஸ்டார்ட்ல நிக்கக்குள்ள, எயார் டேங்க் நிரம்பினா அது தானாக் காத்தத் துப்பும். இது அது. உறுமிறது அதுட எஞ்சின்தான்.”

“அவன் ரூம்ல இரிந்து கதைக்கான்.”

“ஓம். ஏசியும் ஓடித்தான் இரிக்கும். எஞ்சின நிப்பாட்டினா ஏசியும் நிண்டிரும், அதுக்குத்தான் ஸ்டார்ட்ல வச்சிரிக்காரு. அந்த வெயிலுக்கு என்ன செய்ற? அங்க கன பேருக்கு லொறிதான் ரூம்.”

ஜன்னல் சீலை. அளவு கொஞ்சம் பெரிசு, வெட்டிப் போட்டுட்டன். எங்கள் பழைய வீட்டு ஜன்னலை அளந்து உம்மா தைத்த சீலை அது. அதை வெட்டி எந்த ஜன்னலில் போட்டிருப்பான் என்று, இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகக் கேட்ட வசனத்தில் முதல் தரம் யோசித்தேன். ரூமில் நித்திரையிலேயே என்று வந்த தகவலையும், அது எந்த ரூம் என்று யோசித்தேன்.

கடைக்காரன் தன் தொழிலுக்குத் திரும்பினான்.

“மனிசன்ட குரல் இவ்வளவு கீழ இறங்காது காக்கா. சப் எடுக்கிற குரலுக்கும் கீழ உள்ளதை. எந்தச் சப் போட்டாலும் அவர்ட குரல் இவ்வளவுதான். இந்தா, இந்தத் திருகியைத் திருப்பினா லொறியை வெட்டலாம். வெட்டட்டா?”

“வேணாம்.”

“குரல் தெளிவா நிக்கும்.”

“லொறி நிக்கட்டும்” என்றேன்.

அந்தக் கிழமை முழுக்க வேறு பயம். உம்மாவுக்குச் சொல்வதா? சொன்னால் சோடா இரண்டும் போய்விடும். சொல்லாவிட்டால் அந்த லொறிக்குள் அவன் தனியாக இருந்ததை நான் ஒருவன் மட்டும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். இதோடு இன்னொரு பயம்: சீட் நடுங்குவதைக் கண்டு உம்மாவும் கடல் என்று நினைத்துவிட்டால்? எண்பது வயதில் என்னைப் போல ஓடவும் ஏலாது. மனைவி சொன்னாள்: “அவங்களுக்கு ஒண்டும் ஆகாது. நீங்க செருப்பைக் கயித்தால கட்டிக்கிட்டுப் போங்க.”

வெள்ளிக்கிழமை உம்மாவை முன் சீட்டில் இருத்தினேன். நாவிதன்வெளிப் பாதையில் ஏறியதும், இரண்டு பக்கமும் வெள்ளாமை பச்சையாக நின்ற இடத்தில், சத்தத்தைக் குறைத்து வைத்துக் கசட்டைத் தள்ளினேன். உறுமல் எழும்பியது. உம்மா சீட்டின் ஓரத்தைப் பிடித்தா. நான் பிரேக்கில் காலை வைத்தேன்.

“மகன்.”

“என்ன உம்மா?”

“முதுகுக்கு இதமா இரிக்கி.”

காக்கா சலாம் சொன்னான். சுகம் என்றான். போர்வை, ஜன்னல் சீலை. உம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன், ஒரு மாட்டை மயிரிழையில் தப்பவிட்டேன். குரலுக்கு அந்த முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ‘டிஸ்ஸ்’ வந்தது.

“சோடாவா?” என்று கேட்டா, கண்ணை மூடியபடி.

“ஓம் உம்மா. சோடா.”

இரண்டாவது சோடா வரும்போது உம்மா நித்திரை. அன்றைக்கும் அது யாருடைய குரல் என்று உம்மாவுக்குத் தெரியவில்லை. ஏ பக்கம் முடியும் வரைக்கும் காக்காவின் லொறியில் நித்திரை கொண்டா.